மேட்டு வீட்டுக்கு 16 டன்: லோரி போகாத இடத்துக்குக் கட்டுமானப் பொருளைக் கையால் ஏற்றுவது

கேள்வி இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துக்குள் ஒரு மேட்டில் வீடு. பின்பக்கம் 12க்கு 14 அடியில் ஓர் அறை சேர்த்துக் கட்ட வேண்டும். லோரி செம்மண் சாலை முனையோடு நின்றுவிடும். அங்கிருந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்கு நடுவே 140 மீட்டர் ஒடுங்கிய பாதை, ஒன்றரை மீட்டர் அகல லோங்காங் (வடிகால்), அதைத் தாண்டி 42 சிமெண்டுப் படிகள். ஆள் வைத்துத் தூக்கினால் முடியுமா, எத்தனை பேர், எத்தனை நாள்?

முடியும். ஏழு பேர் இருந்தால் ஆறு காலைப்பொழுது போதும். ஆனால் ‘நாலு பலசாலி வந்தால் ஆச்சு’ என்று தொடங்கினால் இரண்டாம் நாளே ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இந்த வேலையில் ஆளைச் சாய்ப்பது தூரம் அல்ல, தரையில் கிடப்பதைக் குனிந்து எடுப்பது. பாதையும் படியும் சேர்ந்த 170 மீட்டரை நடந்து யாருக்கும் முதுகு போவதில்லை. அதே 170 மீட்டரில் மூன்று இடத்தில் கீழே வைத்து, மூன்று தடவை குனிந்து தூக்கினால் போகும். அதனால் முதல் இரண்டு நாளைப் பாதைக்கும், மூட்டையைச் சிறிதாக்குவதற்கும், தரையில் வைக்காமல் கைமாற்றும் ஏற்பாட்டுக்கும் ஒதுக்குங்கள். மணல் லோரியை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.

அதற்கும் முன்னால் இரண்டு காகித வேலை. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அறை சேர்த்துக் கட்ட ஊராட்சியின் அனுமதி வேண்டும். உங்கள் பக்கம் அது கோலாகங்சார் நகராண்மைக் கழகம். 16 டன்னை மேலே ஏற்றிய பிறகு ‘வேலையை நிறுத்து’ என்று கடிதம் வந்தால் அத்தனையும் வீண். அடுத்தது தோட்ட அலுவலகம். பாதை அவர்களுடைய மரங்களுக்கு நடுவே போகிறது. குலை வெட்டும் சுற்று அந்தப் பகுதிக்கு ஏறக்குறைய 10 முதல் 15 நாளுக்கு ஒரு தடவை வரும். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் எந்தெந்த நாள் என்று கேட்டு அந்த நாள்களை விட்டுவிடுங்கள். வெட்டி விழுந்த மட்டையும் குலையும் கிடக்கிற பாதையில் தள்ளுவண்டி ஓடாது, மேலே கத்தி ஓடும்போது கீழே ஆள் நடக்கவும் கூடாது.

இனி கணக்கு. அறை 3.6க்கு 4.2 மீட்டர். ஒரு பக்கம் பழைய வீட்டுச் சுவரோடு சேர்வதால் புதுச் சுவர் மூன்று பக்கம்தான், மொத்த நீளம் 11.4 மீட்டர். உயரம் 3 மீட்டர் வைத்து, ஒரு கதவும் இரண்டு சன்னலும் கழித்தால் ஏறக்குறைய 29 சதுர மீட்டர் சுவர். அரைக்கல் சுவருக்குச் சதுர மீட்டருக்கு 60 செங்கல். உடைவதற்கு 5 விழுக்காடு சேர்த்து 1,850 கல். கல் ஒன்று இரண்டரை கிலோ என்றால் 4.6 டன். தரைக்கு 100 மில்லிமீட்டர் கான்கிரீட், அஸ்திவாரம், தூண், பீம் எல்லாம் சேர்த்து 3.6 கன மீட்டர். ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஆறேகால் மூட்டை சிமெண்டு, 0.45 கன மீட்டர் மணல், 0.9 கன மீட்டர் ஜல்லி போகும். கட்டுச் சாந்தும் இரண்டு பக்கப் பூச்சும் சேர்த்தால் சிமெண்டு மொத்தம் 35 மூட்டை, அதாவது 1.75 டன். மணல் 5 டன், ஜல்லி 4.7 டன். கம்பியும் பி.ஆர்.சி. வலையும் (பற்றவைத்த கம்பி வலை) 300 கிலோ, கூரைத் தகடும் சட்டமும் இன்னொரு 300 கிலோ. கூட்டினால் 16.5 டன்னைத் தாண்டும். தூணும் பீமும் உங்கள் வரைபடத்தில் எப்படியோ அதற்கேற்ப இது கொஞ்சம் ஏறி இறங்கும்.

தலைக்கு 25 கிலோ வீதம் தூக்கினால் 660 நடை. ஒரு நடை போய்வர 340 மீட்டர் என்றால் மொத்தம் 224 கிலோமீட்டர், ஏறக்குறைய சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் போகிற தூரம். பாதி தூரம் சுமையோடு. இதனால்தான் முழுப் பாதையையும் ஒரே ஆள் ஒரே சுமையோடு நடப்பது தப்பான ஏற்பாடு என்கிறேன். பாதையை மூன்றாக வெட்டுங்கள். சமதளத்தில் சக்கரம், லோங்காங் மேல் பாலம், படியில் தோள். ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆள்.

ஏன் 25 கிலோ? வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷ் 2017இல் வெளியிட்ட எர்கோனோமிக்ஸ் (உடம்புக்கு ஏற்ற வேலைமுறை) வழிகாட்டியில், சுமையை உடம்போடு ஒட்டி, இடுப்புக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட உயரத்தில் எடுக்கும்போது ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்று இருக்கிறது. தரையிலிருந்து எடுக்கும்போது அதே ஆணுக்கு 10 கிலோதான். ஒரே ஆள், ஒரே கை, உயரம் மட்டும் மாறினால் அளவு பாதிக்கும் கீழே போகிறது. நன்கு வளர்ந்த மரத்துச் செம்பனைக் குலை ஒன்று கிட்டத்தட்ட 20, 25 கிலோ இருக்கும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த எடை கைக்குத் தெரியும். ஒரு சிமெண்டு மூட்டை அப்படி இரண்டு குலை.

நம் முன்னோர் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்களே, அதே யோசனைதான் இங்கே முதலில் செய்ய வேண்டியது. மூன்று சுமைதாங்கி போடுங்கள்: லோரி நிற்கும் இடத்தில் ஒன்று, படிக்குக் கீழே ஒன்று, படியின் நடுத்தட்டில் ஒன்று. லோரி முனையில் இருப்பது இடுப்பு உயரம், 80 சென்டிமீட்டர். பழைய பேலட் ஐந்தாறை அடுக்கி மேலே பிளைவுட் போட்டாலே போதும், ஆடாமல் இருந்தால் சரி. படியடியிலும் நடுத்தட்டிலும் இருப்பவை மார்பு உயரம், 1.2 மீட்டர். தோளில் சுமப்பவர் முழங்காலைச் சற்று மடக்கித் திரும்பி நின்றால் மூட்டை தானாகத் தோளுக்கு வர வேண்டும். தள்ளுவண்டியிலிருந்து அந்தத் தட்டுக்கு ஏற்ற ஓர் ஆள் தனியாக வேண்டாம். வண்டி தள்ளியவரும் படி ஏறப்போகிறவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வைப்பார்கள்.

மணலையும் ஜல்லியையும் லோரி கொட்டிய இடத்திலேயே மூட்டையாக்கிவிடுங்கள். வண்டியில் உதிரியாக அள்ளிப் போட்டு, படியடியில் கொட்டி, மறுபடி அள்ளினால் ஒரே மணலை இரண்டு தடவை மண்வெட்டியால் தூக்குகிறீர்கள். 10 டன்னுக்கு அது ஒரு முழு நாள் வேலை. ஒரு பெரிய பெயிண்ட் வாளியின் அடியை அறுத்து எடுத்துவிட்டு, சாக்கின் வாயை அதன் கீழ்ப்பக்கத்தில் மாட்டி, வாளியோடு தட்டின் மேல் நிறுத்தினால் ஒருவரே அள்ளிக் கொட்டலாம், சாக்கைப் பிடிக்க இன்னோர் ஆள் தேவையில்லை. ஈர மணல் 16 லிட்டர் சுமார் 25 கிலோ. ஜல்லி 17 லிட்டர். முதல் மூட்டையைத் தராசில் நிறுத்துப் பார்த்து, எத்தனை தடவை அள்ளிப் போட்டீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு நிறுக்க வேண்டாம். மழை பெய்த மறுநாள் மணலின் எடை மாறும், அன்று இன்னொரு தடவை நிறுத்துப் பாருங்கள்.

சாக்கு விஷயத்தில் ஒரு பெரிய தவறு நடக்கும். தோட்டத்து வீடுகளில் பாஜா சாக்கு, அதாவது உரச் சாக்கு, எங்கும் கிடைக்கும், கெட்டியாகவும் இருக்கும். அதில் மணலோ சிமெண்டோ அள்ளாதீர்கள். செம்பனைக்குப் போடும் சிவப்பு உரம் பொட்டாசியம் குளோரைடு. சாக்கின் தையலிலும் மடிப்பிலும் அந்தப் பொடி ஒட்டிக்கொண்டே இருக்கும். குளோரைடு கான்கிரீட்டுக்குள் போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு பிடித்த கம்பி பருத்து, சில வருடத்தில் தூணின் மேல்தோல் நீளவாக்கில் வெடித்து உதிரும். வெள்ளையாக இருக்கும் அம்மோனியம் சல்பேட்டு உரம் வேறு விதமாகக் கெடுக்கும், அது சிமெண்டையே அரிக்கும். சாக்கை வெளியே திருப்பி, தையலை விரித்துப் பாருங்கள். சிவப்புத் துகளோ உப்பு மாதிரிப் பூத்ததோ தெரிந்தால் அது செங்கல் சுமக்க மட்டும், அதுவும் நன்றாக அலசிக் காயவைத்த பிறகு. மணலுக்கும் சிமெண்டுக்கும் அரிசிச் சாக்கு அல்லது புதுச் சாக்கு. 70 சாக்கு இருந்தால் சுழற்சிக்குப் போதும்.

பாதைக்கு வருவோம். 140 மீட்டரையும் பலகை போட்டு மூட முடியாது, தேவையும் இல்லை. மழை பெய்து ஒரு மணி நேரம் கழித்து நடந்து பாருங்கள். தண்ணீர் தேங்கும் இடம், குதிகால் புதையும் இடம், வேர் முட்டும் இடம் மூன்றையும் குச்சி நட்டுக் குறியுங்கள். தேங்கும் இடத்தில் முதலில் பக்கத்தில் ஓர் ஓடை வெட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். அதற்கு அப்புறம் குவாரித் தூளும் கல்லும் கலந்ததைக் கொட்டி மிதித்து இறுக்குங்கள், ஒரு டன் போதும். தண்ணீரை வெளியேற்றாமல் கல் கொட்டினால் இரண்டே நாளில் கல் சேற்றுக்குள் போய்விடும். புதையும் இடத்துக்கு 30 சென்டிமீட்டர் அகலப் பிளைவுட் பட்டை, நீளவாக்கில், ஒன்றின் முனை மற்றதன் மேல் ஏறும்படி. வண்டி போகும் திசையில் முனை தூக்கி நிற்கக் கூடாது, சக்கரம் முட்டினால் மூட்டை முன்னால் பாயும். 40 மீட்டருக்கு ஓர் ஒதுங்குமிடம். சுமை வண்டி நிற்காது, வெறும் வண்டிதான் ஒதுங்க வேண்டும். இதை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

தள்ளுவண்டியின் டயர் காற்று டயராக இருந்தால் செம்பனை மட்டையின் முள் குத்தும். பாதையோரம் மட்டையை ஒதுக்கி, அடிமட்டை முள் பாதைப் பக்கம் நீட்டாமல் திருப்பி வையுங்கள். உள்டியூப் ஒன்றும் காற்றடிக்கும் பம்பும் கையிலிருக்கட்டும். கெட்டி ரப்பர் டயர் பஞ்சராகாது, ஆனால் மென்மண்ணில் அதிகம் புதையும், கையும் அதிரும். இந்தப் பாதைக்குக் காற்று டயரே மேல். மூட்டை இரண்டையும் சக்கரத்தை ஒட்டி முன்பக்கம் தள்ளி வையுங்கள். கைப்பிடிப் பக்கம் வைத்தால் பாதி எடையைத் தள்ளுபவரின் தோள்பட்டை சுமக்கும். வண்டிக்கு 50 கிலோ, அதாவது இரண்டு மூட்டை. காய்ந்த பாதையில் மூன்று போகும் என்று யாராவது சொல்வார்கள், போகவும் போகும். ஆனால் வேகம் குறையும், பாலத்தில் ஆடும், பதினோராவது நடையில் கை விடும்.

வண்டி ஓடவே முடியாத நாளுக்கு, அல்லது வண்டி ஒன்றுதான் கிடைத்தால், தோளில் வைத்து இரண்டு முனையிலும் வாளி தொங்கவிடும் காண்டாக் கம்பு இருக்கிறது. ரப்பர் பால் சுமந்த அதே முறை. பக்கத்துக்கு 8 லிட்டர் மணல், இரண்டும் சேர்ந்து 25 கிலோ. வாளியை விளிம்புவரை நிரப்பும் பழக்கம் பால் சுமந்த கைக்கு வரும். மணல் பாலைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதை மறக்கக் கூடாது. சமதளத்துக்கு மட்டும்தான் இது. படியில் முன்வாளி மேல்படியில் இடிக்கும், பின்வாளி இழுக்கும், திரும்பும்போது கம்பு சுவரில் முட்டி ஆளைக் கீழே தள்ளும்.

லோங்காங் மேல் பெரும்பாலும் ஒரு செம்பனைத் தண்டை உருட்டிப் போட்டிருப்பார்கள். அதை நம்பி வண்டியை ஏற்ற வேண்டாம். செம்பனைத் தண்டு வெளியே கெட்டியாகத் தெரியும், உள்ளே நார்ச்சோறு. ஈரத்தில் உள்ளிருந்து மக்கும், வெளியே ஒன்றும் காட்டாது. 2க்கு 6 அங்குலக் கனமரச் சட்டம் இரண்டை நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைக்கக் கூடாது. நீளம் 2.7 மீட்டர், இரண்டு கரையிலும் 60 சென்டிமீட்டர் உட்கார வேண்டும். கரை மண் சரியாமல் இருக்க முனைக்குக் கீழே குறுக்கே ஒரு பலகை. மேலே ஓர் அங்குலப் பலகைகளைக் குறுக்கே நெருக்கி ஆணி அடித்து 90 சென்டிமீட்டர் அகலத் தளம். இரண்டு ஓரமும் 2 அங்குலக் கட்டை அடித்துவிட்டால் சக்கரம் வெளியே போகாது. தளத்தின் மேல் கோழி வலையை விரித்து ஆணி அடித்தால் மழையிலும் வழுக்காது. பாலத்துக்கு ஏறும் இரண்டு முனையிலும் படி மாதிரி நிற்காமல் மண் கொட்டிச் சரிவாக்குங்கள்.

படிதான் இந்த வேலையின் குறுகிய கழுத்து. கீழே எத்தனை வேகமாக வண்டி வந்தாலும் படியில் ஏறுகிற அளவுதான் மேலே போய்ச் சேரும். இரண்டு வண்டியும் சேர்ந்து மணிக்கு 15 நடை போட்டால் 750 கிலோ வரும். அதை ஏற்ற 25 கிலோ வீதம் 30 நடை, மூன்று ஆள், ஆளுக்குப் பத்து நடை. 42 படியைச் சுமையோடு மணிக்குப் பத்து தடவை ஏறுவது நல்ல உழைப்பு, அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஆக வண்டிக்கு இருவர், சாக்கு நிரப்ப ஒருவர், படிக்கு மூவர், மேலே வாங்கி அடுக்க ஒருவர், மொத்தம் ஏழு பேர். காலை 7 மணியிலிருந்து 11 வரை நான்கு மணி நேரத்தில் 3 டன். ஐந்தரை நாள் கணக்கு வருகிறது, ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணிக்கும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள், படி ஏறியவர் வண்டிக்கு, வண்டிக்காரர் சாக்குக்கு.

படியை முந்தின நாளே பிளீச் ஊற்றித் தேய்த்துப் பாசியை எடுத்துவிடுங்கள். உடைந்த விளிம்பைச் சாந்தால் பூசி இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். ஒரு பக்கம் கைப்பிடிக்கு 12 மில்லிமீட்டர்க் கயிறு, இடுப்பு உயரத்தில், மரத்தில் அல்லது நட்ட கம்பத்தில். ஏறுகிறவருக்கு ஒரு கை எப்போதும் சும்மா இருக்க வேண்டும். அதனால் மூட்டை தோளில், ஒரு கை மூட்டையில், ஒரு கை கயிற்றில். தலைச்சுமை பழகியவர்கள் சும்மாடு கட்டித் தூக்குவார்கள், சமதளத்தில் அது நல்ல முறை. படியில் தொங்கும் மட்டையும் கிளையும் சுமையைத் தட்டும், கால் வைக்கும் படியும் கண்ணுக்குத் தெரியாது. இங்கே தோள்தான். சும்மாட்டுத் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொள்ளலாம்.

படி ஓரமாகப் பலகைச் சறுக்கு போட்டுக் கயிறு கட்டி இழுக்கலாமே என்று தோன்றும். மேலே ஒரே ஒரு கப்பியைக் கட்டினால் இழுக்கும் திசை மாறும், பாரம் குறையாது. மூட்டைக்கு மூட்டை கட்டி அவிழ்க்கும் நேரத்தில் ஓர் ஆள் ஏறி இறங்கிவிடுவார். கலவை எந்திரத்தின் தொட்டி மாதிரி ஒற்றைப் பெரிய பாரத்துக்குத்தான் அது உதவும்.

செங்கல்லுக்கு மட்டும் வேறு வழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரார் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் கூட்டுங்கள். படியின் 25 மீட்டருக்கு ஒரு கை நீளத்துக்கு ஒருவர் என்று 23 பேர் நிற்க வேண்டும், எல்லாரும் ஒரே பக்கம் பார்க்காமல் ஒருவர் இடம், அடுத்தவர் வலம் என்று எதிரெதிராக. அப்போதுதான் இடுப்பைத் திருகாமல் கை மட்டும் போய்வரும். இரண்டு கல் சேர்த்துக் கொடுங்கள், 5 கிலோ. நிமிடத்துக்கு 12 தடவை கைமாறினால் 1,850 கல்லும் 80 நிமிடத்தில் மேலே. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் 4.6 டன் கடந்துபோகிறது, அது சிறு உழைப்பு இல்லை. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் இரண்டு மணி நேரம். ரப்பர் பூசிய கையுறை கட்டாயம், வெறுங்கையில் ஐம்பதாவது கல்லுக்குள் விரல் நுனி தேய்ந்து எரியும். கல்லை எறிந்து பிடிக்க வேண்டாம், கொத்தனார் செய்வார், கூட்டத்தில் வந்தவருக்கு அது பழக்கமில்லை. சிறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாதீர்கள், தண்ணீர் கொடுக்கச் சொல்லலாம்.

செங்கல்லே வேண்டாம் என்றும் ஒரு வழி உண்டு, உங்கள் இடத்துக்கு இதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். 600க்கு 200க்கு 100 மில்லிமீட்டர் லைட்வெயிட் பிளாக் ஒன்று ஏழு, ஏழரை கிலோ. சதுர மீட்டருக்கு எட்டரை கட்டி, மொத்தம் 260 கட்டி, 2 டன்னுக்கும் குறைவு. மெல்லிய பசைச் சாந்தில் கட்டுவதால் கட்டுச் சாந்துக்கான மணலும் சிமெண்டும் ஒரு டன்னுக்கு மேல் மிச்சம். சுமையில் மூன்றரை டன் குறைகிறது, அது ஒரு முழு நாள். குறை என்னவென்றால் மூலை சட்டென்று உடையும், கூரான தட்டில் வைக்கக் கூடாது, மழையில் நனைந்தால் தண்ணீர் குடித்துக் கனக்கும். சுவரில் கனமான அலமாரி மாட்ட அதற்கென்று உள்ள ஆணிதான் பிடிக்கும். பூச்சுக்கு முன் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் வலை ஒட்டாவிட்டால் அங்கே கோடு விழும்.

சிமெண்டு 50 கிலோ மூட்டையாகத்தான் வரும். இருவர் சேர்ந்து தூக்கினால் ஆயிற்றே என்பார்கள். இருவர் சேர்ந்தால் இருவர் பலமும் முழுதாகச் சேராது, மூன்றில் இரண்டு பங்குதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். படியில் கீழே நிற்பவர் மேல் இன்னும் அதிகம் சாயும். எனவே படியடியில் சாக்கை வெட்டி 25 கிலோவாக இரண்டு சுத்தமான சாக்கில் பிரியுங்கள், மூக்கை மூடும் முகமூடியோடு. பிரித்த சிமெண்டு அன்றே கலவையில் போய்விட வேண்டும், நம் ஊர்க் காற்றில் ஈரம் ஏறிக் கட்டிதட்டிவிடும். இதனால் 35 மூட்டையையும் ஒரே நாளில் வரவழைக்காதீர்கள். அஸ்திவாரத்துக்கு ஒரு தடவை, தரைக்கு ஒரு தடவை, சுவருக்கும் பூச்சுக்கும் ஒரு தடவை. காத்திருக்கும் மூட்டை தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்ந்த பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பத்து அடுக்குக்கு மேல் போகாமல், மேலே கன்வாஸ். கன்வாஸின் மடிப்பில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும், தினமும் தட்டிக் கொட்டுங்கள். வெறும் தோளில் சிமெண்டு மூட்டையைச் சுமக்கக் கூடாது. வேர்வையோடு கலந்த சிமெண்டு காரமாகி, மாலையில் கழுத்தடி சிவந்து மறுநாள் தோல் வழன்றுவிடும். கைநீளச் சட்டை, கழுத்தைச் சுற்றித் துண்டு, வேலை முடிந்ததும் நிறையத் தண்ணீரில் கழுவல்.

கலவையை எங்கே போடுவது? மேலேதான். ஈரக் கான்கிரீட்டு 10 லிட்டர் வாளியே 24 கிலோ, படியில் சிந்தும், வெயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறுக ஆரம்பிக்கும். தண்ணீரை யாரும் சுமக்க வேண்டாம், ரப்பர்க் குழாயை இழுத்துவிடுங்கள். கையால் கலப்பதானால் சிமெண்டைப் பத்தில் ஒரு பங்கு கூட்டிப் போடுங்கள், 35 என்றது 38 ஆகும். அறைத் தரைக்கு ஒன்றரை கன மீட்டர், ஒரு மூட்டைக் கலவையாகப் பத்து, பதினொன்று. நாலு பேர் காலையில் தொடங்கினால் ஒரே நாளில் ஊற்றி முடிக்கலாம், ஒரே நாளில்தான் முடிக்கவும் வேண்டும். ஆள் களைத்ததும் கலவை பிரள எளிதாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவார்கள். அங்கே தரையின் பலம் போகிறது. ஒரு மூட்டைக்கு மணலின் ஈரத்தையும் சேர்த்து 25, 28 லிட்டர், அளந்த வாளியில்.

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வரும், உங்கள் பாதையில் திரும்பாது. கடைக்காரர் இரண்டாக மடக்கி லோரியில் போட்டு அனுப்புவார். மடக்கி நிமிர்த்திய இடம் பலவீனமாகும். வரைபடத்தைக் காட்டித் தேவையான நீளத்துக்குக் கடையிலேயே வெட்டச் சொல்லுங்கள். இணைக்க வேண்டிய இடத்தில் விட்டத்தைப்போல் 40 முதல் 45 மடங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், 12 மில்லிமீட்டர்க் கம்பிக்கு அரை மீட்டர். 6 மீட்டர்க் கம்பி மூன்று சேர்த்தால் 16 கிலோ. மூன்று இடத்தில் கட்டி, இருவர், இருவரும் ஒரே பக்கத் தோளில், முன்னவர் திருப்பத்தைக் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். முனையில் சிவப்புத் துணி. பி.ஆர்.சி. ஏ7 வலை ஒரு தாள் 6க்கு 2.2 மீட்டர், 40 கிலோ. அதை நடுவில் வெட்டி 3 மீட்டராக்கினால் இருவர் நிமிர்த்திப் பிடித்துக் கொண்டுபோகலாம். வீட்டுக்கு வரும் மின்கம்பி படிக்கு மேல் தாழ்ந்து தொங்குகிறதா என்று பாருங்கள். நிமிர்த்திய கம்பியும் கூரைத் தகடும் அதைத் தொட்டால் அவ்வளவுதான். தாழ்ந்திருந்தால் முன்கூட்டியே மின்சார நிறுவனமான தெனாகாவிடம் சொல்லிவிடுங்கள். கூரைத் தகட்டைக் காற்று எழும் முன், காலை 9 மணிக்குள். தடித்த கையுறை இல்லாமல் விளிம்பைத் தொடக் கூடாது, வழுக்கினால் பிடிக்கவும் கூடாது, விட்டுவிட வேண்டும்.

டைல்ஸ் பெட்டி பார்க்கச் சிறிதாக இருக்கும், 600க்கு 600 ஓடு நான்கு உள்ள பெட்டி 30 கிலோ வரும். இரண்டிரண்டாகப் பிரியுங்கள். கண்ணாடி எல்லாம் முடிந்த பிறகு.

மேலே அடுக்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். மணலையும் ஜல்லியையும் மேட்டின் விளிம்பில் குவிக்காதீர்கள். வெட்டிய மண் மேட்டின் ஓரத்தில் 5 டன் மணல், மேலே ஒரு மாலை மழை, மண் சரிய அவ்வளவு போதும். விளிம்பிலிருந்து குறைந்தது 2 மீட்டர் உள்ளே. பேராக்கில் ஏப்ரல், மே மாதத்திலும், அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்குமேல் மழை கனக்கும், அந்த மாதங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். செங்கல் அடுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நாலு நாள் கிடந்த அடுக்கில் கையை விடும்முன் தடியால் தட்டுங்கள். செம்பனைக் காட்டில் எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும், கல் இடுக்கில் தேளும் தங்கும்.

எல்லாருக்கும் 20 நிமிடத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல். யாராவது பேச்சுக் குழறினால், தள்ளாடினால் அது களைப்பு இல்லை, உடம்பு கொதிக்கிறது. நிழலில் கிடத்தி, துணியை நனைத்து உடம்பெங்கும் போட்டு விசிறிக்கொண்டே 999க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸும் லோரி நிற்கும் இடம்வரைதான் வரும். மணலை அங்கே வழி அடைக்காமல் கொட்டச் சொல்ல இது இன்னொரு காரணம்.

இறங்குகிறவர் கை எப்போதும் வெறுமையாக இருக்கும். அஸ்திவாரம் தோண்டிய மண்ணில் மேலே தேவைப்படாததை அந்தக் கையில் 15 கிலோவாகக் கட்டி அனுப்புங்கள், தனியாக ஒரு நாள் தேவைப்படாது. பாதையின் பள்ளத்துக்கே அது உதவும். படியின் அகலத்தையும் நடுத்தட்டின் ஆழத்தையும் அளந்து எழுதுங்கள். நடுத்தட்டு 1.2 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அங்கே சுமைதாங்கி வைத்தபின் எதிரே வருகிறவர் கடக்க முடியாது, அதை எங்கே மாற்றலாம் என்று பார்ப்போம்.